ஸ்ராங்குக்கு வந்த செய்தி

ஜனவரி 9, வியாழன்

காலையில ஃபாதர் வந்து போட்டை மந்திரிச்சாரு. நாங்க பதினோரு பேரும் தலையைக் குனிஞ்சுகிட்டு நின்னோம். "ஒருத்தருக்கொருத்தர் துணையா இருங்க"ன்னு அவர் சொன்னப்ப எனக்குச் சிரிப்பு வந்துட்டு. இருமுற மாதிரி சமாளிச்சேன்.

பத்தாங்கிளாஸ் பரீட்சைக்கு அப்புறம் நான் பேனா பிடிச்சதில்ல. நெஞ்சுக்குள்ள இருக்கறதை யாருகிட்டயும் சொல்ல முடியாது, அதனால இந்த நோட்டுல எழுதுறேன். நான் ததேயு, இந்தப் போட்டுக்கு எஞ்சின் டிரைவர். ஸ்ராங்கு பெர்க்மான்ஸ். எங்க தூண்டில் போடணும், எப்பக் கரை திரும்பணும், எல்லாம் அவன் வச்சதுதான் சட்டம். என்னைவிட மூத்தவன், நேர்ல அண்ணேன்னுதான் கூப்பிடுவேன். இந்த நோட்டுல மட்டும் அவன், இவன்தான்.

போன வருஷம் என் பிள்ளை செத்த செய்தியை என்கிட்ட மறைச்சவன். அவன்கூடவே திரும்பவும் எதுக்குடே போறேன்னு ஊர்ல எல்லாவனும் கேட்டான். மனசு ஆறிட்டுன்னு சொன்னேன். என் பொண்டாட்டி கொரற்றி மட்டும் ஒண்ணும் கேக்கல. பையில துணி மடிச்சு வச்சா, ஒரு தரம் என் மூஞ்சியைப் பாத்தா, அவ்வளவுதான்.

சேட்டிலைட் போன் இப்ப என் கையில இருக்கு. அதுக்குத்தான் இவ்வளவு பாடும்.

ஜனவரி 10, வெள்ளி

கரையோட செல்போன் சிக்னல் நேத்தே போயிட்டு. இனி கரைக்கும் எங்களுக்கும் நடுவுல இந்த ஒரு போனுதான்.

போன வருஷம் வரைக்கும் இது ஸ்ராங்கு பொறுப்புல வீல் ரூம்ல கிடந்தது. பயலுவ ஆளாளுக்கு எடுத்துப் பேசுவானுவ. "சோறு தின்னியா, என்ன கொழம்பு"ன்னு கேட்டு முடிக்கறதுக்குள்ள அந்தக் கொழம்புல கிடந்த மீன் விலையைவிடக் கூடுதலா காசு போயிடும். பில்லைப் பாத்து முதலாளி போனையே எடுக்கப் பாத்தாரு. நான்தான் போய், "என்கிட்ட தாங்க, கால்வாசிச் செலவுல ஓட்டிக் காட்டுறேன்"ன்னேன். அவருக்கு வேற என்ன வேணும்.

இன்னைக்கு எல்லாரையும் உக்காரவச்சு விவரத்தைச் சொன்னேன். யாரும் வாயால பேசக் கூடாது, மெசேஜ் மட்டும்தான். நாம அனுப்பினா காசு போவும், கரையில இருந்து நமக்கு வந்தா காசில்லை. கம்ப்யூட்டர்ல அந்த கம்பெனிப் பக்கத்துக்குப் போயி நம்ம நம்பரைப் போட்டு எழுதினா சும்மாவே இங்க வந்திடும். அதனால வீட்டுக்காரங்க எவ்வளவு வேணும்னாலும் அனுப்பட்டும். நாம ஞாயித்துக்கிழமை எல்லாருக்கும் சேத்து ஒரே மெசேஜ், முதலாளி ஆபீசுக்கு. காலையில கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம் போனைத் திறப்பேன், மத்த நேரம் அணைச்சிருக்கும். அவசரத்துக்குன்னு கொஞ்சம் பேசற நேரம் ஒதுக்கியிருக்கு, அதை யாரும் தொடப்படாது.

"அப்ப என் பொண்டாட்டிக்கு ஒரு முத்தம் அனுப்பணும்னா?"ன்னு சமையக்கார சூசை கேட்டான்.

"கரைக்குப் போயி நேர்ல குடு ஓய்"ன்னேன். எல்லாரும் சிரிச்சானுவ. பெர்க்மான்ஸும் சிரிச்சான். "நல்ல ஏற்பாடு மக்கா, இந்தப் புத்தி எனக்கு வரலியே"ன்னு என் முதுகுல தட்டினான்.

சிரி. நல்லா சிரி.

ஜனவரி 12, ஞாயிறு

ஜெபமாலை சொல்லி முடிச்சிட்டு வீல் ரூமுக்கு மேல ஏறி நின்னு மொத மெசேஜை அனுப்பினேன். இந்தப் போனுக்கு வானம் தெரியணும், தலைக்கு மேல தகரம் இருந்தாக்கூடப் பிடிக்காது. தமிழ் எழுத்தும் வராது, இங்கிலீஷ் எழுத்துல தமிழை அடிக்கணும். "எல்லாரும் சுகம். மீன் பரவாயில்ல." போயிட்டு.

மேல இருந்து பாத்தேன், கீழ அவன் சட்டையில்லாம உக்காந்து வெத்திலை மடிச்சிட்டிருந்தான். போன வருஷம் இதே மேல்தட்டுல நின்னுதான் என் பிள்ளையோட செய்தியை அவன் வாசிச்சிருப்பான்.

மிக்கேல். நாலு வயசு. சனிக்கிழமை காய்ச்சல், திங்கக்கிழமை ஆஸ்பத்திரி, புதன்கிழமை மூளைக்காய்ச்சல்னு சொல்லிட்டானுவ. கொரற்றி நெட் சென்டர்ல போயி உக்காந்து இந்தப் போனுக்கு ஆறு மெசேஜ் அனுப்பியிருக்கா. அப்பாவைக் கேக்கான், ஒரு தரம் பேசச் சொல்லுங்கன்னு. ஆறும் வந்திருக்கு. ஆறையும் பெர்க்மான்ஸ் வாசிச்சிருக்கான். சாவு செய்தியையும் வாசிச்சிட்டு, கீழ இறங்கி வந்து என்கூட உக்காந்து மீன்குழம்பு தின்னிருக்கான். "கொஞ்சம் கூடப் போட்டுக்க மக்கா"ன்னான். அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

ஐஸ் அறை நிறைஞ்ச பிறகுதான் போட்டு திரும்பிச்சு. துறைமுகத்துல கயிறு கட்டினப்புறம் என் தோள்ல கை போட்டு ஓரமாக் கூட்டிட்டுப் போயி சொன்னான். நான் வீடு போய்ச் சேந்தப்ப குழிமேல வச்ச பூவும் காஞ்சுபோச்சு. என் பிள்ளை கடைசி மூஞ்சியை நான் போட்டோவுலதான் பாத்தேன்.

எங்க ஊரு போட்டுல அதுதான் வழக்கமாம். கடல்ல இருக்கவனுக்கு வீட்டுச் சாவைச் சொல்லப்படாது. சொன்னா அவனுக்கு வேலை ஓடாது, திரும்பணும்பான், பாதியில திரும்பினா டீசலும் ஐஸும் பாழு, மத்த பத்து வீட்டு அடுப்பும் அணையும். இதெல்லாம் எனக்கும் தெரியும். நானே முன்னால ஒருத்தனுக்கு அப்பன் செத்ததை மூடி வச்ச போட்டுல இருந்திருக்கேன், வாயைத் திறக்கல.

ஆனா எனக்கு வந்தது எனக்கு வந்தது. அவனுக்கும் ஒரு நாள் வரும்லா.

ஜனவரி 15, புதன்

கேரை மீன் நல்லா விழுது. ஆளு உயரம் ஒண்ணு. எல்லாவனுக்கும் கை கிழிஞ்சு கிடக்கு. எஞ்சின்ல பெல்ட் மாத்தினேன், டீசல் ஃபில்டர் கழுவினேன்.

பெர்க்மான்ஸ் அவன் பொண்டாட்டி போட்டுக்கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாயை எல்லாருக்கும் வச்சான். எனக்கு ரெண்டு துண்டு கூடுதல். நான் கடல்ல வீசிட்டேன். நல்ல ஊறுகா, அது ஒண்ணு சங்கடம்தான்.

ஜனவரி 18, சனி

வந்துட்டு.

காலையில போனைத் திறந்ததும் ஒரு சத்தம். "ததேயு சித்தப்பா, நான் ஜோவிட்டா. அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரில சேத்திருக்கு. வால்வு கெட்டுப்போச்சாம். வியாழக்கிழமை ஆபரேஷன். அப்பாகிட்ட சொல்லுங்க."

ஜோவிட்டா பெர்க்மான்ஸுக்கு ஒரே பிள்ளை, நர்சிங் படிக்கா. அவன் பொண்டாட்டி, எனக்கு மைனி, பேரு ரெஜினாள்.

நாலு தரம் வாசிச்சேன். கீழ இருந்து, "என்ன மக்கா, கரையில இருந்து எதாச்சும் உண்டா?"ன்னு அவனே கேட்டான்.

"ஒண்ணுமில்ல அண்ணே, கம்பெனிக்காரன் விளம்பரம் அனுப்பியிருக்கான்."

ஒரு வருஷமா இப்படி ஒண்ணுக்கு ஏங்கிக் கிடந்தேன். சொல்ல வேண்டிய நேரத்துல சொல்ல மாட்டேன். கரையில கயிறு கட்டினப்புறம் அவன் தோள்ல கை போட்டு ஓரமாக் கூட்டிட்டுப் போவேன்.

இன்னைக்கு வயிறு நிறையச் சோறு தின்னேன்.

ஜனவரி 19, ஞாயிறு

"எல்லாரும் சுகம். மீன் நல்லா விழுது." அனுப்பியாச்சு.

போனைத் திறந்தப்ப ஜோவிட்டா மெசேஜ் ரெண்டு கிடந்தது. முதலாளிகிட்ட கேட்டதாம், கடல்ல இருக்க ஆளைக் கலக்கப்படாது, வந்தப்புறம் பாத்துக்கலாம்னு சொல்லிட்டாராம். அதனால சித்தப்பாவை நம்பித்தான் எழுதுதாம். ரெண்டாவதுல, "அம்மாவுக்குப் பயமா இருக்கு. தியேட்டருக்குள்ள போறதுக்கு முன்னால அப்பா சத்தத்தைக் கேக்கணும்னு சொல்லுது. ரெண்டு நிமிஷம் போதும்"ன்னு இருந்தது.

என் பிள்ளைக்கும் ரெண்டு நிமிஷம் போதுமாத்தான் இருந்திருக்கும்.

அழிச்சிட்டேன்.

ஜனவரி 20, திங்கள்

எஞ்சின் சூடாவுது. வேற ஒண்ணுமில்ல.

ஜனவரி 21, செவ்வாய்

காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. அந்தப் பிள்ளை விட மாட்டேங்குது. படிச்ச பிள்ளை, நீட்டி முழக்காம நச்சுனு எழுதுது. "சித்தப்பா, மெசேஜ் கிடைக்குதா? கிடைச்சா வெறும் ஆமாம்னு ஒரு வார்த்தை அனுப்புங்க. செலவு ஆகும்னா நான் தந்திடுறேன்."

செலவாம். நான் போட்ட சட்டம் எனக்கே திரும்பி வருது.

கரையில அவன்கிட்ட என்ன சொல்லணும்னு எஞ்சின் சத்தத்துல நின்னு சொல்லிப் பாத்தேன். "அண்ணே, உங்க பொண்டாட்டி உங்களைக் கேட்டா. எனக்கு அன்னைக்கே தெரியும். நீங்க எனக்கு வச்ச அதே குழம்பைத்தான் நான் உங்களுக்கு வச்சேன்." சொல்லச் சொல்ல நல்லாத்தான் இருந்தது. சூசை எட்டிப் பாத்து, "யாருகிட்ட ஓய் பேசுறீரு?"ன்னான். எஞ்சினைத் திட்டினேன்னு சொன்னேன்.

ஜனவரி 22, புதன்

நாளைக்கு ஆபரேஷன்.

எனக்கும் மைனிக்கும் ஒரு பகையுமில்லன்னு இன்னைக்கு ஏனோ தோணிக்கிட்டே இருந்தது. மிக்கேல் செத்தப்ப எட்டாம் நாள் பூசை வரைக்கும் எங்க வீட்டுல சோறு பொங்கினது அவங்கதானாம், கொரற்றி சொல்லியிருக்கா. சாயங்காலம் போனை எடுத்துட்டு வீல் ரூமுக்குப் போனேன். சொல்லிடலாம்னுதான் போனேன். இதைப் பொய்யா எழுத வேண்டிய அவசியம் எனக்கு இல்ல.

அவன் நல்ல சந்தோஷத்துல இருந்தான். ஸ்டியரிங் வளையத்தை ஒரு கையால பிடிச்சுகிட்டு, "மக்கா, இந்த மீன்பாடு போன வருஷப் பாட்டை அடிச்சிடும் போல இருக்கே. போன வருஷம் இந்நேரம் ஐஸ் அறையில பாதிகூட இல்ல, பிறகுதானே கொட்டுச்சு"ன்னான்.

பிறகுன்னா எதுக்குப் பிறகு? என் பிள்ளை செத்ததுக்குப் பிறகு. அதை எங்கிட்டயே சொல்லுகான், வாயெல்லாம் பல்லா.

"ஆமாண்ணே"ன்னேன். போனைத் துணியில சுத்திப் பையிலேயே வச்சுட்டேன்.

ஜனவரி 23, வியாழன்

காலையில திறந்தேன். "பத்து மணிக்கு உள்ள கொண்டு போறாங்க. இன்னும் நேரம் இருக்கு."

இதுல பேரு இல்ல. ஜோவிட்டா எப்பவும் பேரு போடும். அவசரத்துல விட்டிருக்கும்.

அவனைப் போய்ப் பாத்தேன். ராத்திரி பூரா தூண்டில் இழுத்துட்டு அப்பத்தான் கண்ணசந்திருந்தான். வாயைத் திறந்துகிட்டுத் தூங்கினான், கையில கட்டுப் போட்டிருந்தது. வேலை செஞ்சு அசந்த மனுசனை எழுப்பறது பாவம். அதனால எழுப்பல. பெரிய கப்பலுங்க போற பாதையில இருந்தோம், எஞ்சினைப் பாக்கவும் ஆள் வேணும். பத்து மணி ஆனதே எனக்குத் தெரியாது.

சாயங்காலம்:

"ரெஜினாக்கா போயிட்டாங்க. ஆபரேஷன் மேசையிலேயே. இனி அவர்கிட்ட சொல்ல வேண்டாம். ஜோவிட்டாவுக்கு அடிச்சுக் குடுத்தது எல்லாம் நான்தான். நீங்க வாசிச்சது எனக்குத் தெரியும். கொரற்றி."

ஜனவரி 24, வெள்ளி

சொல்லிட்டேன்.

விடிஞ்சு தேத்தண்ணி குடிக்கற நேரம். அவன் பின்தட்டுல பல் விளக்கிட்டிருந்தான். நான் ஒரு வருஷமாச் சேத்து வச்ச பேச்செல்லாம் அப்ப நாக்குக்கு வரல. "அண்ணே, மைனி போயிட்டாங்க. ஆபரேஷன்ல"ன்னேன்.

அவன் வாயைக் கொப்பளிச்சுத் துப்பினான். கையில இருந்த தண்ணி மக்கை வச்சுட்டு, "எந்த மைனிடே?"ன்னு கேட்டான்.

"நம்ம ரெஜினா மைனி."

அப்படியே ஐஸ் அறை மூடி மேல உக்காந்துட்டான். தூண்டில் எடுத்துட்டிருந்த பயலுவ எல்லாம் கையை நிறுத்திட்டானுவ. பிறகு தலையைத் தூக்காமலே கேட்டான்.

"உனக்கு எப்ப தெரியும்?"

இதுக்குத்தான் ஒரு வருஷம் காத்திருந்தேன். இந்தக் கேள்வியைத்தான் அவன் கேக்கணும்னு நினைச்சேன்.

"நேத்து சாயங்காலம் அண்ணே. ராத்திரி சொல்ல மனசு வரல."

ஏன் அப்படிச் சொன்னேன்னு தெரியல. வாயில வந்துட்டு.

அவன் என் கையைப் பிடிச்சான். "உனக்கு நான் செஞ்சதுக்கு நீ மறைச்சிருக்கலாம். நீ சொல்லிட்டியே மக்கா. ஒவ்வொரு மெசேஜா வாசிச்சிட்டு அன்னைக்கு உன் மூஞ்சியைப் பாக்க எனக்கு எப்படி இருந்துச்சுன்னு தெரியுமா? பத்து வீட்டு அடுப்பு, பத்து வீட்டு அடுப்புன்னு சொல்லிச் சொல்லித்தான் சோத்தை விழுங்கினேன். அன்னைக்கு எனக்கு இந்தத் தைரியம் வரல பாத்தியா."

கையை எடுத்துக்கலாம்னு பாத்தேன். விடல.

பயலுவ யாருமே யோசிக்கல. தூண்டிலை அறுத்து விட்டுட்டுப் போட்டைத் திருப்பச் சொல்லிட்டானுவ. ஐஸ் அறை முக்கால்தான் நிறைஞ்சிருக்கு. சூசைதான், "போன வருஷமும் இப்படித் திருப்பியிருக்கணும்டே"ன்னான்.

அவசரத்துக்கு ஒதுக்கி வச்ச நேரம் முழுசும் இருந்தது. நம்பரைப் போட்டு அவன் கையில கொடுத்தேன். ஜோவிட்டா எடுத்தது. இவன் "மக்களே"ன்னு ஒரு வார்த்தை சொன்னான். அந்தப் பக்கம் அழுகை, இந்தப் பக்கம் அழுகை. பேசற நேரம் தீர்ந்து போன் தானா கட் ஆகுற வரைக்கும் ரெண்டு பேரும் அழுதாங்க.

கடைசியா மிச்சமிருந்த ஒரு மெசேஜை நான் கொரற்றிக்கு அனுப்பினேன். "திரும்பிட்டோம். மைனியை அடக்காம வைக்கச் சொல்லு, அண்ணன் பாக்கணும்." பதில் வரல. பதில் வந்தா காசில்லைன்னு அவளுக்குத் தெரியும்.

ஜனவரி 26, ஞாயிறு

காத்து எதிர்ல. எஞ்சின் நல்லா ஓடுது. பெர்க்மான்ஸ் அண்ணன் சாப்பிடல. சூசை கஞ்சி வச்சுக் கொடுத்தான், ரெண்டு வாய் குடிச்சாரு.

நானும் சாப்பிடல. அதைப் பாத்துட்டு, "அவன் மனசும் பாடுபடுது பாருங்க"ன்னு பயலுவ பேசிக்கிட்டானுவ.

ஜனவரி 28, செவ்வாய்

அடக்கம் முடிஞ்சுது.

மைனியை ஆஸ்பத்திரி ஐஸ் பெட்டியில வச்சிருந்தாங்க. அண்ணன் மைனி மூஞ்சியைப் பாத்தாரு, நெத்தியில முத்தம் குடுத்தாரு. எனக்குக் கிடைக்காதது அவருக்குக் கிடைச்சுது. அதுவும் என்னால கிடைச்சதாம். கல்லறையில அண்ணன் ஃபாதர் கையைப் பிடிச்சுகிட்டு எல்லாரும் கேக்கச் சொன்னாரு: "நான் இவனுக்குச் செஞ்சது உங்களுக்குத் தெரியும். ஆனா இவன் தெரிஞ்ச உடனே என்கிட்ட சொன்னான்." பொம்பளைங்க எல்லாம் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. ஒரு கிழவர் வந்து என் தலையில கை வச்சாரு. முதலாளிகூட என் முன்னால தலையைக் குனிஞ்சுகிட்டாரு.

கொரற்றி ஜோவிட்டாவைத் தாங்கிப் பிடிச்சுகிட்டு நின்னா. வந்ததுல இருந்து என்னைப் பாக்கல.

கலையுற நேரம் ஜோவிட்டா என்கிட்ட வந்தது. கண்ணு ரெண்டும் வீங்கிப்போய் இருந்தது. "சித்தப்பா, மொதல்ல அனுப்பினது ஒண்ணுமே உங்களுக்கு வரலியா? அம்மா கடைசி வரைக்கும் போனைப் பாத்துட்டே இருந்துச்சு"ன்னு கேட்டுது.

நான் கொரற்றியைப் பாத்தேன். கொரற்றிதான் சொன்னா. "அங்க சிக்னல் ஒழுங்காக் கிடைக்காது பிள்ளே. கிடைச்சிருந்தா சித்தப்பா சொல்லாம இருப்பாரா?"

அந்தப் பிள்ளை தலையாட்டிட்டு என் கையைத் தொட்டுக் கண்ணுல வச்சுகிட்டுப் போச்சு.

வீட்டுக்கு வந்தோம். குளிச்சேன். கொரற்றி சோறு போட்டா, மீன்கறி வச்சிருந்தா. நான் முன்னால உக்காந்தும் கை வைக்கல. அவ வந்து எதிர்ல உக்காந்தா.

"ஞாயித்துக்கிழமை, எல்லாரும் சுகம்னு நீங்க அனுப்பினது ஆபீசுக்கு வந்துச்சு. ஜோவிட்டா அதை வாசிச்சு, போன் வேலை செய்யுதே சித்தி, அப்ப நம்ம மெசேஜும் போயிருக்கும்லான்னு சந்தோஷப்பட்டுது. எனக்கு அப்பவே விளங்கிட்டு. போன வருஷம் அதே நெட் சென்டர்ல, அதே நாற்காலியிலதான் நான் உக்காந்திருந்தேன். அப்ப போன் அவர் கையில இருந்துச்சு. இந்தத் தரம் உங்க கையில இருந்துச்சு. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சு."

சத்தம் போட்டு அழுதிருந்தாக்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்திருக்கும். அவ அழல.

"ஊருல யாருகிட்டயும் நான் சொல்லப் போறதில்ல. பயப்படாம சாப்பிடுங்க. ஆனா ஒண்ணு. மிக்கேலுக்காகச் செஞ்சேன்னு மட்டும் என்கிட்ட சொல்லிராதீங்க"ன்னா.

நான் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்திருந்தேன்.